சான்று இல்லாத இருபத்தேழு நாள்

குருவுக்கு முப்பத்தொன்பது வயது, சீடருக்கு நாற்பத்தாறு. பி.எச்டி. பண்ணுகிற இடத்தில் இதெல்லாம் சகஜம். குரு எங்கள் வணிகவியல் துறைத்தலைவர் ஜெசிந்தா மேடம். சீடர் சங்கரபாண்டியன் சார். அதே துறையில் வாத்தியார், மேடத்திடமே பகுதிநேர ஆய்வும் செய்கிறார். நான் அந்த ஸ்டாஃப் ரூமில் மூன்றாவது மேசை. யார் பேசினாலும் காதில் விழும், என்ன செய்ய.

கல்லூரி திறந்த முதல் வாரம். பாடத்திட்டத்தோடு ஒவ்வொருவரும் ஒரு விதிப் பக்கம் கொடுக்க வேண்டும். வருகை எவ்வளவு வேண்டும், அசைன்மென்ட் எப்போது, லேட்டானால் என்ன என்று. நாங்கள் எல்லோரும் போன வருஷத்துப் பக்கத்தில் தேதியை மட்டும் மாற்றி நீட்டிவிட்டோம். சங்கரபாண்டியன் சார் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

“மேடம், விதியைத் தெளிவா எழுதறது எப்படின்னு உங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன்ல. இதைப் பாருங்க. ஓட்டை இருந்தா சொல்லுங்க.”

மேடம் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

“ஓட்டையே இல்லை சார்.”

சாருக்கு வாயெல்லாம் பல்.

“எழுபத்தஞ்சு சதவீதத்துக்குக் கீழ போனா மருத்துவச் சான்று. சான்று இல்லாதவங்க என்னை வந்து பார்க்க வேண்டாம். தடிச்ச எழுத்துல போட்டிருக்கேன் பாருங்க. போன செமஸ்டர்ல இந்த ரூம் வாசல்ல ஒட்டினதும் இதே வரிதான். ஒரு ஆள் வந்து அழலையே!”

“அப்ப சான்று கொடுத்தவங்க ஃபைல் இருக்கா?”

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேடம் ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினார். பதினொரு சான்று. அதில் ஒன்பது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஒரே டாக்டருடையது. ஒன்பது பேருக்கும் வைரல் காய்ச்சல். ஒன்பது பேருக்கும் பத்து நாள் ஓய்வு. அதில் நாலு பேர் அந்தப் பத்து நாளும் கிரிக்கெட் டோர்னமென்ட் ஆடினது கேன்டீனில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். வாயைத் திறந்தேனா? இல்லை.

“இவங்க எல்லாரும் பரீட்சை எழுதினாங்க.”

“விதிப்படி சான்று இருந்துச்சு மேடம்.”

“எழுதாதவங்க?”

“ஒரே ஒருத்தி. முப்பிடாதி. இருபத்தேழு நாள் வரலை, சான்றும் கொடுக்கலை. ஹால் டிக்கெட்டை நிறுத்திட்டோம்.”

“என்ன ஆச்சாம் அவளுக்கு?”

சார் முழித்தார். “கேக்கலை மேடம். அவளும் சொல்லலை.”

“அம்மை” என்றார் மேடம். “அவகூடப் படிக்கிற பிள்ளை நேத்துதான் பேச்சுவாக்குல சொன்னா. முதல்ல இவளுக்கு. இவளுக்குத் தண்ணி ஊத்தறதுக்குள்ள தம்பிக்கு. எல்லாம் முடிய இருபத்தேழு நாள்.”

எங்கள் பக்கம் வீட்டு வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டால் அவ்வளவுதான். டாக்டர் பேச்சே கிடையாது. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிறவரை வீட்டில் ஒருத்தரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். இதில் சான்றுக்கு எங்கே போவது? அம்மனிடமா கையெழுத்து வாங்க முடியும்?

சாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அதுக்கு நான் என்ன மேடம் செய்யறது? அம்மைக்கும் ஆஸ்பத்திரி இருக்கு. காலேஜுக்கு வர்ற பிள்ளைதானே, போயிருக்கணும்.”

மேடம் இன்னொரு ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அந்த ஒன்பது சான்றுக்குப் பக்கத்தில் வைத்தார். போன வருஷம் சார் எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதம். மகளுக்கு அம்மை போட்டிருப்பதால் பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்று இரண்டே வரி. கூட ஒரு சான்றும் இல்லை. கீழே மேடத்தின் கையெழுத்து.

“பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா சார்?”

அந்த நாட்களில் சார் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

“நானும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலை. ரெண்டு வரியைப் படிச்சேன், கையெழுத்துப் போட்டேன். முப்பிடாதி ஹால் டிக்கெட்டை நிறுத்தின தாள்லயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்பவும் ஒண்ணும் கேக்கலை.”

மேடத்தின் குரல் கசந்து கிடந்தது. சார் அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு சடாரென்று போனை எடுத்தார்.

“மறுசேர்க்கைக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு மேடம். இப்பவே கூப்பிடறேன். விட்டா அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிரும்.”

நல்ல மனுஷன். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஸ்பீக்கரில் போட்டார். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தாள். பின்னால் ஒரே மெஷின் சத்தம்.

“சார், நல்லாயிருக்கீங்களா சார்?”

அவள் அப்படிக் கேட்டதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“நல்லாயிருக்கேம்மா. நீ வெள்ளிக்கிழமைக்குள்ள காலேஜுக்கு வந்துரு. சான்று கீன்று ஒண்ணும் வேண்டாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

“இல்ல சார். நான் கோயம்புத்தூர் பக்கம் நூல் மில்லுல சேந்துட்டேன். மில் ஹாஸ்டல்லதான் இருக்கேன். அப்பா ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. நடுவுல மில்லுல அனுப்ப மாட்டாங்க சார்.”

“அப்பாகிட்ட நான் பேசறேன்.”

“வேண்டாம் சார். பேசிப் பேசி இப்பதான் வீட்டுல சண்டை ஓஞ்சிருக்கு.”

“ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? அம்மைன்னு ஒரே ஒரு வார்த்தை!”

“சொல்லணும்னுதான் சார் வந்தேன். ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க ஒட்டியிருந்ததைப் படிச்சேன். திரும்பிட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “பிரேக் முடிஞ்சிருச்சு சார். வைக்கட்டுமா?” என்றாள்.

வைத்துவிட்டாள். கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சார் போனை மேசைமேல் போட்டார். கண் சிவந்துவிட்டது.

“உள்ள வந்திருக்கலாம்ல மேடம்? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? சும்மா ஒரு கண்டிப்புக்குப் போட்ட வரி அது. பயலுக ஏமாத்தக் கூடாதேன்னு போட்டேன். அவ வந்து எதிர்ல நின்னிருந்தா விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன் மேடம். அந்தப் பிள்ளைக்கு அது புரியலையே!”

மேடம் அந்த நான்கு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து அவரிடம் நீட்டினார்.

“நீங்க எழுதினது அவளுக்கு நல்லாப் புரிஞ்சுது சார். அதான் வரலை.”