ஸர்ரூக் சொன்ன ஒற்றை வாக்கியம்

மேற்கே வெகு தூரத்தில், கடலுக்கும் பாலைவனத்துக்கும் நடுவே மர்ஸானா என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை ஆண்டவர் சுல்தான் ஜெய்யான். ரொம்ப இளகிய மனசு. அரண்மனைப் பூனை தும்மினால்கூடக் கண் கலங்கிவிடுவார். பட்டத்துக்கு வந்த அன்றே தன் அண்ணன்மார் அத்தனை பேருக்கும் ராஜ்யக் கவலையிலிருந்து நிரந்தர ஓய்வு கொடுத்தவர். கோட்டை கட்டுவதில் அவருக்கு அப்படியொரு ஆசை. கட்டிய சுவர் பிடிக்காவிட்டால் இடிக்கச் சொல்வார். கட்டியவனையும் சேர்த்துத்தான்.

அவர் கத்தினால் சபை நிம்மதியாக மூச்சு விடும். குரல் தணிந்தால்தான் எல்லோரும் அவரவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சபையில் ஸர்ரூக் என்பவருக்குச் சுல்தானோடு பேசிச் சிரிக்க வைக்கும் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் அவருக்கு முன்னால் இருந்தவர்களைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

ஒரு நாள் ஹம்மூ என்ற கொத்தனாரைச் சங்கிலியோடு இழுத்து வந்தார்கள். சுவர் வேலையின் நடுவே, "வெயில் தாங்கவில்லை, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டாராம்.

"என் நாட்டு வெயிலையா குறை சொன்னாய்?" என்றார் சுல்தான். குரல் தணிந்திருந்தது.

ஹம்மூவின் உதடு வெடித்திருப்பதை ஸர்ரூக் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் பிழைக்கலாம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தொண்டையைக் கனைத்துவிட்டார்.

அதற்காகவே காத்திருந்தவர் போல வஜீர் பூஷ்தா எழுந்தார். ஸர்ரூக்கை ஒழித்துக்கட்ட அவருக்கு வெகு நாளாக ஆசை.

"சுல்தானே, ஸர்ரூக் ஏதோ சொல்ல வருகிறார். பொய்யே பேசாதவர் என்று பெயர் வேறு. தங்கள் ஆட்சியைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லட்டுமே! அதில் பொய்யும் இருக்கக் கூடாது, தங்கள் மனம் நோகவும் கூடாது."

சுல்தானுக்கு இது பிடித்துப்போயிற்று. "எது தவறினாலும் தலை போகும். சொல்!"

ஸர்ரூக் யோசித்தார். உண்மையைச் சொன்னால் மனம் நோகும். நோகாமல் சொன்னால் பொய்யாகிவிடும். ஹம்மூவை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து வணங்கிச் சொன்னார்:

"சுல்தானே! குறையோடு தங்களைத் தேடி வந்தவர் ஒருவர்கூட இதுவரை குறையோடு திரும்பியதில்லை."

சபை கை தட்டியது. சுல்தான் தாடியை நீவிக்கொண்டார்.

வஜீர் குதித்தார். "மோசடி! வந்தவன் எவனுமே திரும்பவில்லை, எல்லோரையும் கொன்றுவிட்டீர்கள் என்றல்லவா இவர் சொல்கிறார்!"

கை தட்டியவர்கள் சட்டென்று கையைக் கீழே இறக்கினார்கள்.

ஸர்ரூக் பதறியவர் போலக் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! வந்தவர் குறை தீர்ந்து போனார்கள் என்றுதானே நான் சொன்னேன்? இப்படியொரு அர்த்தம் வஜீர் அவர்களுக்கு எப்படித் தோன்றியது?"

சுல்தான் வஜீர் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் தணிந்தது.

"சொல்லும் பூஷ்தா. என்னிடம் குறை சொல்ல வந்தவர்கள் உயிரோடு திரும்புவதில்லையா?"

வஜீர் வாயைத் திறந்தார். ஆமாம் என்றால் அவரே குறை சொன்னவர் ஆவார். இல்லை என்றால் ஸர்ரூக் சொன்னது சரி. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"வஜீரை மன்னித்துவிடுங்கள்" என்றார் ஸர்ரூக். "அவர் சொன்னது அவதூறு என்று ஊருக்குக் காட்ட ஒரே ஒருவர் உயிரோடு திரும்பினால் போதும். இதோ, கைவசம் ஒருவர் இருக்கிறாரே!"

சுல்தான் கொத்தனாரைப் பார்த்தார். வஜீரின் திறந்த வாயைப் பார்த்தார். தூண்கள் அதிரும்படி சிரித்தார்.

"அவனை அவிழ்த்து விடுங்கள்! தண்ணீரும் கொடுங்கள்! இனி வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் சுமப்பது வஜீரின் பொறுப்பு!"

ஹம்மூ தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்காமலே வாசல் வரை ஓடினார்.

சுல்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸர்ரூக், உனக்கும் ஏதாவது குறை இருந்தால் சொல், தீர்த்து வைக்கிறேன்" என்றார்.

ஸர்ரூக் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"எனக்கு ஒரு குறையும் இல்லை, சுல்தானே. நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்."