இடுகாட்டு மேட்டில் இருந்த பட்டா

வெள்ளம் பதிவறையை அடித்துப்போன மறுநாள், ஜமீன் காரியக்காரர் குழிவெட்டும் சடையனின் தெருவுக்கு வந்தார்.

"பட்டா எல்லாம் ஆத்தோட போச்சு. அதை எழுதின கணக்குப்பிள்ளையும் போன வருஷமே செத்துட்டார். அவரே வந்து சொன்னாத்தான் இந்தத் தெரு மனை உங்களுக்கு."

"பேச மாட்டாருங்க சாமி. எழுதிக் கொடுப்பாரு" என்றான் சடையன்.

இடுகாட்டு மேட்டில் மட்டும் வெள்ளம் ஏறவில்லை. காரியக்காரரை அங்கே அழைத்துப்போய், கணக்குப்பிள்ளையின் சமாதியோரம் தோண்டி, அரக்கு வைத்து மூடிய பானையை எடுத்தான். உயிரோடிருந்தபோது கணக்குப்பிள்ளை புதைக்கச் சொன்ன பட்டா நகல்கள், அவர் கையெழுத்தோடு நனையாமல் இருந்தன.

காரியக்காரர் அவற்றைப் பிடுங்கினார். "இதையும் ஆத்துல போட்டா?"

"போடுங்க சாமி. இன்னும் நாப்பது குழி இருக்கு. எதுல பானை, எதுல ஆளுன்னு எனக்குத்தான் தெரியும்."

காரியக்காரர் குனிந்து பார்த்தார். அவர் நின்ற இடத்தில் ஒரு குழி புதிதாக மண் போட்டு மூடப்பட்டிருந்தது.

நகல்களைச் சடையன் கையில் மெல்ல வைத்தார்.