திங்கட்கிழமைப் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் தென்பகுதியில், வெள்ளையர் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கக் கூடாது என்று சட்டம் இருந்த காலம். பருத்திக் காடுகளுக்கு நடுவே அவர்களுக்கென்று ஒரே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பலகையெல்லாம் ஆமோஸ் அறுத்தது. அறுபத்தாறு வயதுத் தச்சர். கட்டி முடித்ததும் அவரே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுத்துப் படிக்கத் தொடங்கினார். சொல்லிக்கொடுத்தவள் லவீனியா. அவளுக்கு இருபத்து நான்கு வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தேவாலயத்தில் இருந்தபோது, பள்ளிக்கூடம் எரிந்துபோனது. யார் வைத்த தீ என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறியிருந்தது. ஆமோஸ் வந்து நின்றார். சாம்பலும் பனியும் ஒரே நிறமாக இருந்தன. தரை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. பைன் மரப் பிசினின் வாசனை மட்டும் இன்னும் வீசியது. நாம் இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறோமோ என்று அவருக்குத் தோன்றியது.

பிள்ளைகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக லவீனியா வந்தாள்.

"டீச்சரம்மா, பிள்ளைங்களைத் திருப்பி அனுப்பிடவா?" என்றார் ஆமோஸ்.

"மணி என்ன ஐயா?"

"எட்டு இருக்கும்."

"அப்போ பாடம் ஆரம்பிக்கணும்."

"எங்கே வச்சு?"

லவீனியா சாம்பலைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனாள். அங்கே பழைய வாசலின் இரண்டு கல்படிகள் மட்டும் நின்றன. அவற்றில் ஏறி உள்ளே நடந்தாள். பிள்ளைகளும் வரிசையாக ஏறிப் போய், அவரவர் இடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

அவள் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள்.

"லூசியஸ்."

"உள்ளேன் டீச்சர்."

"டெல்ஃபின்."

"உள்ளேன் டீச்சர்."

பனிக்குள் முகங்கள் தெரியவில்லை. குரல்கள் மட்டும் கேட்டன.

"ஆமோஸ் ஐயா."

ஆமோஸ் இன்னும் வெளியேதான் நின்றிருந்தார்.

"மறுபடி கட்டினா மறுபடியும் கொளுத்துவாங்க டீச்சரம்மா. பலகை அறுக்க இந்தக் கையில இனி பலம் இல்லை. பள்ளிக்கூடம் ஏது இனிமே?" சொல்லிக்கொண்டே அவளை நோக்கி நேராகச் சாம்பலில் கால் வைத்தார்.

லவீனியா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அங்கே சுவர் இருக்கு ஐயா. வாசல் வழியா வாங்க."

ஆமோஸ் வைத்த காலை எடுத்தார். சுற்றிக்கொண்டு கல்படிக்கு வந்தார். ஏறும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.