கூகைமலை ஓணான் தலையாட்டிய கதை

புளியில் கொட்டையும் நாரும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு விடியும் முன்னே நாமெல்லாரும் மலைக்குப் போகிறோம், குகைக் கோயில் பார்க்க. புளிக்காய்ச்சலை இன்றைக்கே காய்ச்சி வைத்தால்தான் காலையில் சோற்றில் கிளற முடியும். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது. கதை கேட்டீர்களே, சொல்கிறேன். சின்னவர்களும் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம். நடுவில் புளியை எடுத்து வாயில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

முன்னொரு காலத்திலே, கூப்பிட்டால் மலைகளும் ஏனென்று கேட்ட காலத்திலே, கூகைமலை அடிவாரத்தில் பொன்னுருவி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன். ஒரே மகள் தும்பை. அந்தப் பிள்ளை வாசலில் நின்று சிரித்தால், சிரிப்பு மலை உச்சிக் குகைகளில் போய் மோதி, ஊருக்கே திரும்பி வரும்.

உச்சிக் குகையில் ஒரு மந்திரவாதி இருந்தான். பகலெல்லாம் தூங்குகிறவன். பிள்ளையின் சிரிப்பில் அவன் தூக்கம் கெட்டது. ஒருநாள் செப்புக்குடம் ஒன்றைத் திறந்து குகை வாசலில் பிடித்தான். சிரிப்பும் பேச்சும் அதற்குள் போய் விழுந்தன. மூடியைப் போட்டான், குகை வாசலைப் பாறையால் அடைத்தான், உள்ளே படுத்துக்கொண்டான். கீழே தும்பை வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சிரிப்பு எப்போதும் போய் மோதும் குகையைத் தேடிச் சடையன் மலைக்கு ஓடினான். குகையை அடைத்த பாறைமேல் ஆள் உயரத்துக்கு ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. அது பேசிற்று.

"குடும்பம் முழுசா வரணும். ஆளாளுக்கு அவங்கவங்க கட்டுச்சோறு கையில இருக்கணும். அப்போ மேலும் கீழுமா தலையாட்டுவேன், பாறை திறக்கும். இல்லேன்னா பக்கவாட்டில ஆட்டுவேன், வீட்டுக்குப் போகலாம். அமாவாசை அன்னைக்குப் பொழுது சாய்ஞ்சா, உள்ளே குடத்தில இருக்கிற பிள்ளை குரல் வவ்வாலா மாறிப் பறந்துடும்."

கேட்க எளிசாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் ஓணானைக் காவல் வைத்து இப்படிச் சொல்லச் சொன்ன மந்திரவாதி விவரமானவன். எந்த வீட்டிலும் யாராவது ஒருத்தர் விட்டுப்போவார் என்று அவனுக்குத் தெரியும்.

பொன்னுருவி புளிசாதம் கிளறினாள், மந்தாரை இலையில் பொட்டலம் கட்டினாள். வண்டி பூட்டினார்கள். மலையேறினார்கள். ஓணான் பார்த்தது. இந்தப் பக்கம் ஆட்டியது, அந்தப் பக்கம் ஆட்டியது.

"முழுசா வரலை."

சடையனின் அப்பாவுக்கு முழங்கால் வலி. எருமைக்குக் காவலாக வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

மறுபடி பொன்னுருவி புளிசாதம் கிளறினாள், மந்தாரை இலையில் பொட்டலம் கட்டினாள். சடையன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். பாதி வழியில் மூச்சு வாங்கியது. "நீ சின்னதுல இதைவிட கனம்டா" என்று முதுகில் இருந்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார் பெரியவர். ஓணான் பார்த்தது. இந்தப் பக்கம் ஆட்டியது, அந்தப் பக்கம் ஆட்டியது.

"முழுசா வரலை."

பெரியவர் மெதுவாகக் கேட்டார். "என் சின்னவன் எங்கேடா?"

சின்னவன் மொக்கையன், சடையனின் தம்பி. வேலியோரத்து முருங்கை மரம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. ஒரே தெருவில் இருந்தும் பேச்சில்லை. சடையன் போகமாட்டேன் என்று நின்றான். அமாவாசை அன்றைக்குக் காலையில் பொன்னுருவிதான் போனாள். யார் வீட்டு வாசலிலும் நிமிர்ந்து நின்று பேசத் தெரியாதவள். முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அண்ணிக்கு இன்னைக்குத்தான் என் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றான் மொக்கையன்.

அவள் பொட்டலத்தை நீட்டினாள். "உங்களுக்கும் சேர்த்துத்தான் கிளறினேன் தம்பி."

மொக்கையன் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தான். அதில் முருங்கைக் காய் எதுவும் இல்லையே என்று கேட்டான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவைத் தூக்க முன்னால் நடந்தான்.

மூன்றாம் தடவையாக ஏறினார்கள். அண்ணனும் தம்பியும் பெரியவரைப் போர்வைத் தூளியில் சுமந்து வந்தார்கள். உச்சிக்கு வரும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. பெரியவர் கையில் பொட்டலம், அண்ணன் கையில் பொட்டலம், தம்பி கையில் பொட்டலம், தும்பை கையில் குட்டிப் பொட்டலம். ஓணான் பார்த்தது. இந்தப் பக்கம் ஆட்டியது, அந்தப் பக்கம் ஆட்டியது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் குறைகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. பொழுது மலைவிளிம்பைத் தொட்டுவிட்டது.

ஓணான் பொன்னுருவியைப் பார்த்துக் கேட்டது. "தாயி, உன் சோறு எங்கே?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "இவங்க சாப்பிட்டு மிச்சம் இருந்தா தின்னுக்குவேன். நான் எப்பவும் அப்படித்தான்."

பெரியவரும் அவர் மகன்கள் இருவரும் தலை குனிந்தார்கள். மூன்று தடவை கிளறியிருக்கிறாள், மூன்று தடவையும் அவளுக்கென்று ஒரு பொட்டலம் கட்டவில்லை. அதை அவர்களும் பார்க்கவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

தும்பைதான் முதலில் உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்து, இலையைப் பாதியாகக் கிழித்தாள். ஒரு பாதியில் சோற்றை அள்ளி வைத்தாள். பெரியவர் ஒரு பிடி வைத்தார். மொக்கையன் ஒரு பிடி வைத்தான். சடையன் தன் பங்கிலிருந்த வறுத்த கடலையெல்லாம் பொறுக்கி மேலே வைத்தான், அவளுக்குப் பிடிக்கும் என்று. அந்த இலையைத் தும்பை அம்மா கையில் கொடுத்தாள்.

ஓணான் மேலும் கீழுமாகத் தலையாட்டியது. ஆட்டியது, ஆட்டியது, நிறுத்தவே இல்லை. பாறை உருண்டது. குடம் தானே திறந்தது. சிரிப்பு வெளியே வந்து மலையெல்லாம் சுற்றி, தும்பையின் வாயில் போய் உட்கார்ந்தது. அவள் பேசின முதல் பேச்சு:

"அம்மா, நீ சாப்பிடு."

பொன்னுருவி சாப்பிட்டாள். எல்லாரும் பார்த்திருக்க, முதல் ஆளாக, உட்கார்ந்து சாப்பிட்டாள். மந்திரவாதி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, தன்னை யாரும் ஒரு வாய்ச் சோற்றுக்குக் கூப்பிட்டதே இல்லை என்றான். பொன்னுருவி தன் இலையிலிருந்து ஒரு பிடி கொடுத்தாள். அதைத் தின்றதும் அவன் மந்திரமெல்லாம் மறந்துபோயிற்று. குகைச் சாமிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான்.

நாளைக்கு அங்கே ஓணானைப் பார்த்தால் யாரும் கல் எறியாதீர்கள். ஒரு கும்பிடு போடுங்கள். நாம் முழுசாக வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். எனக்கு வாய்த்த வீடு அப்படி, யாரையும் விட்டுவிடாத வீடு, அதைச் சொல்ல எனக்குக் கூச்சம், ஆனால் நான் தினமும் விளக்கு ஏற்றும்போது சாமியிடம்... இருங்கள், அடுப்படியிலிருந்து உங்கள் அப்பா கூப்பிடுகிறார். இலை துடைக்கிறாராம், என் பொட்டலத்துக்குப் பெரிய இலையாக எடுத்து வைத்திருக்கிறாராம், கடலை எவ்வளவு வறுக்கட்டும் என்று கேட்கிறார், நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.