தலைவர் காரின் கறுப்பு ஃபிலிம்

சர்ர்ர்ரென்று எதையோ கிழிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. போய்ப் பார்த்தால், கார் ஸ்டிக்கர் கடை இருதயம் ஒரு கார் கண்ணாடியிலிருந்து கறுப்பு ஃபிலிமை உரித்துக்கொண்டிருந்தான். கார் பேரூராட்சித் தலைவர் மாசிலாமணியுடையது. எடுத்தே ஆக வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்தது.

"ஃபிலிமும் இருக்கக் கூடாது, உள்ளே நான் இருக்கிறதும் தெரியக் கூடாது. தெரிஞ்சா தண்ணி வரலைன்னு மனுவோட ஓடி வருவானுங்க. வழி பண்ணலைன்னா நாளைக்கே உன் கடையை இடிப்பேன்டா" என்றார் தலைவர்.

இருதயம் கடைசிப் பசையையும் சுரண்டிவிட்டு நிமிர்ந்தான்.

"சுலபம் தலைவரே. நீங்க வண்டியை ஓட்டுங்க, டிரைவர் அண்ணன் பின்சீட்டுல உட்காரட்டும். டிரைவர் முகத்தை எவன் பார்க்கிறான்? நீங்களே இவர் முகத்தை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா?"

தலைவர் நம்பாமல்தான் ஓட்டிப் போனார். சந்தைமுனையில் கட்சிக்காரர்கள் காரை மறித்தார்கள். தலைவர் காரின் பின்சீட்டு, அதில் ஒரு வெள்ளைச் சட்டை, அது போதாதா? குனிந்த தலை நிமிராமல் டிரைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மனுவும் வந்து விழுந்தது. "தண்ணிதானே, நாளைக்கே வரும்" என்று டிரைவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரே கைதட்டல்.

"யோவ், நான்தான்யா தலைவர்!" என்று கத்தினார் மாசிலாமணி.

"டிரைவருக்கு வாயைப் பாரு" என்றான் ஒருவன்.

தலைவர் வியர்த்து வழியக் கடைக்குத் திரும்பி வந்தார்.

"யாராவது உங்களைக் கண்டுபிடிச்சாங்களா தலைவரே?"

"இல்லடா."

"அப்ப கடை?"

"இருந்து தொலையட்டும்."

டிரைவர் இன்னும் பின்சீட்டிலிருந்து இறங்கவில்லை. இருதயம் அடுத்த காரின் கண்ணாடியில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான்.