நாரை சொன்ன ஊர்

நாரைக்குக் குரல் இருந்த அந்தக் காலத்தில், அதன் வாயை மூட யாராலும் முடியாது. மஞ்சள் மூக்கு நாரையைத்தான் சொல்கிறேன். நீண்ட காலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, தானுண்டு தன் மீனுண்டு என்று இப்போது நிற்கிறதே, அதேதான். அன்றைக்கு அதற்குத் தலை நிறைய வெள்ளை இறகு, கணீரென்ற குரல். எந்தக் கரையில் நிழல் அதிகம், எந்த ஊரில் என்ன விசேஷம், எங்கே போனால் மரியாதை கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கும் சொல்லும், கேட்காதவர்களுக்கும் சொல்லும்.

ஒரு கார்த்திகை மாதம் அது வழி தவறி நாவலேந்தல் என்ற ஊரில் வந்து இறங்கியது. மூன்று தெரு, ஓர் ஐயனார் கோயில், வியாழக்கிழமைச் சந்தை, வெளியே ஒரு மீன் கண்மாய். அவ்வளவுதான் ஊர். ஆனால் நடுவில் ஓர் ஊருணி இருந்தது. சுற்றிலும் நாவல் மரங்கள். குடிதண்ணீருக்கு ஊர் முழுக்க அது ஒன்றைத்தான் நம்பியிருந்தது. அதில் யாரும் கால் வைப்பதில்லை. படியில் நின்று குடத்தில் மொண்டுகொண்டு போவார்கள்.

நாரைக்கு அது தெரியுமா? நேராகத் தண்ணீருக்குள் காலை விடப் போனது.

"ஏ! கால எடு!" என்று ஒரு பெண் ஓடி வந்தாள். அவள் பெயர் குருவம்மா. ஊருணிக்குக் காவல். நாற்பது வயதிருக்கும். அவள் அதட்டினால் சந்தை வரைக்கும் கேட்கும். "இது குடிக்கிற தண்ணி. வழிப்போக்கா நீ? மொதல்ல தண்ணியக் குடி, அப்பறம் பேசிக்கிடலாம்."

மண்சட்டியில் மொண்டு வைத்தாள். நாரை குடித்தது. எத்தனையோ ஊர்த் தண்ணீர் குடித்த வாய்தான், ஆனால் இப்படி ஒரு ருசி அது கண்டதில்லை. அங்கேயே நாவல் மரத்தில் கூடு கட்டி முட்டையிட்டது. அடைகாக்கிற பறவை மிரளக் கூடாது என்று அந்த வருஷம் சந்தையில் தமுக்கு அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கண்மாயில் மீன் பிடித்தவர்கள் நாலு மீனைக் கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் நாரையிடம் எதையும் கேட்கவில்லை.

மாசி மாதக் கடைசியில் குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. நாரை விடைபெற வந்தபோது குருவம்மா அதைப் படித்துறைக்குக் கூட்டிப் போனாள்.

"இந்தப் படியப் பாத்தியா? மொத்தம் பன்னெண்டு. மாசத்துக்கு ஒரு படி தண்ணி எறங்கும். கடைசிப் படி தெரியறப்ப ஐப்பசி மழை வந்துரும். அதுக்கு முன்ன வத்திப் போச்சுன்னா நாங்க ஊரக் காலி பண்ண வேண்டியதுதான். நீ எப்ப வேணாலும் வா, ஒம் புள்ளைகளக் கூட்டியா. ஆனா வெளிய எங்க ஊரப் பத்திச் சொல்லிராத தாயி. இது சின்ன ஊரு, தாங்காது."

"என் வாயில இருந்து வராதுக்கா" என்றது நாரை. மனதாரத்தான் சொன்னது.

பங்குனியில் பெரிய ஏரி ஒன்றில் பறவைகள் கூடின. கூழைக்கடா தான் பார்த்த நகரத்துக் கோபுரத்தைப் பற்றிச் சொன்னது. உள்ளான் துறைமுகத்துக் கப்பல்களைப் பற்றிச் சொன்னது. எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாரை பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அதற்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இதெல்லாம் ஒரு ஊரா? நான் ஒரு ஊரு பாத்துட்டு வந்திருக்கேன்" என்று தொடங்கிவிட்டு, சட்டென்று நிறுத்தியது.

"எந்த ஊரு?"

நாரை இறகைக் கோதுகிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டது.

"சும்மா அளக்குது, விடுங்க" என்று கூழைக்கடா சிரித்தது. கூடவே எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். அரை நாழிகையில் மறந்துபோகிற சிரிப்பு. நாரையால் முடியவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னது, தண்ணீரின் ருசியைச் சொன்னது, செம்மண் மேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னது. அதோடு விட்டதா? "எம் பேரச் சொல்லுங்க, நல்லா கவனிச்சுக்குவாங்க" என்றது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்கே கூசுகிறது.

ஆனி மாதம் அது நாவலேந்தலுக்குப் புறப்பட்டது. வழியெல்லாம், பறவைகளிடம் கேள்விப்பட்டு அங்கே போய்த் திரும்பி வருகிறவர்கள். மான்கள், குரங்குகள், வண்டி கட்டிக்கொண்டு போய் வந்த மனிதர்கள். எல்லாரும் "அருமையான ஊரு" என்றார்கள். நாரைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊரே எழுந்து நின்று தன்னை வரவேற்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டது.

போய் இறங்கியபோது பன்னிரண்டு படியும் வெளியே தெரிந்தது. ஊருணியின் அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. மழைக்கு இன்னும் நாலு மாதம். மூன்று தெருவிலும் வண்டிகளில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. குருவம்மா தன் வண்டியில் பாயைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி இல்லன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றது நாரை. குரல் பாதிதான் வந்தது.

குருவம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபமே இல்லை.

"எப்படிச் சொல்றது? வந்ததெல்லாம் ஒம் பேரச் சொல்லிக்கிட்டு வந்துச்சுக. நாரை அனுப்புச்சு, நாரைக்கு வேண்டியவுகன்னு. ஒன் ஆளுக தாகத்தோட வந்து நிக்கையில இல்லன்னு கைய விரிச்சா, ஒனக்குல்ல கேவலம்?"

சொல்லிவிட்டு வண்டியிலிருந்த குடத்தைச் சாய்த்தாள். அதே மண்சட்டி. அடியில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தது.

"வெயில்ல வந்திருக்க. குடி."

நாரை குடிக்கவில்லை. நான்தான் கெடுத்தேன், என்னைத் திட்டு என்று சொல்ல வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. மேல் அலகும் கீழ் அலகும் மோதிக்கொண்டு டக் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. அதே சத்தம்தான். தலை இறகெல்லாம் அவமானத்தில் உதிர்ந்து, முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்துபோனது. வண்டிகள் நகர்ந்தன. குருவம்மா போகிறபோது சட்டியை நாரையின் காலடியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் மழை பெய்தது. பாதிக் குடும்பங்கள் திரும்பி வந்தன. குருவம்மாவின் வண்டி வரவில்லை. நாரை கார்த்திகைதோறும் அந்த நாவல் மரத்துக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். போய்வந்த ஊர்களையெல்லாம் பார்க்கிறவர்களிடம் சொல்லித் திரிந்தவன்தான் நானும். நாவலேந்தல் என்று நான் சொன்னது அதன் பெயரல்ல.

அன்று முதல்தான் மஞ்சள் மூக்கு நாரைக்கு வழுக்கைத் தலையும் சிவந்த முகமும் வந்தன. கூட்டிலிருக்கும் குஞ்சுகள் மட்டும் ஓயாமல் கத்தும். அவை இன்னும் எந்த ஊரையும் பார்க்கவில்லை. வளர்ந்த நாரை பேசாது. எங்கே போய்விட்டு வந்தாய் என்று குஞ்சுகள் கேட்டால், அலகைத் தட்டிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.