ஒற்றைக்கொம்பு கேட்டு வாங்கிய புள்ளிகள்

அந்தக் காலத்தில் எழுத்துகளுக்கு வாய் இருந்தது, பயமும் இருந்தது. எல்லாரையும்விட அதிகம் பயந்தவள் ஒற்றைக்கொம்பு. கணினி என்று புதிதாக ஓர் ஊர் எழும்பி, எழுத்துகளெல்லாம் அங்கே குடிபோன நாளில், “வாசல்ல ஏதாவது கேப்பாங்களே, நான் தப்பாச் சொல்லிட்டா?” என்று வழி நெடுக அரற்றிக்கொண்டே நடந்தாள்.

“பேரைத்தானேக்கா கேப்பாங்க. அதுகூடவா உனக்கு மறந்துபோகும்?” என்று சிரித்தாள், கூட வந்த ந.

நெல்லிலும் நெய்யிலும் நெருப்பிலும் சேர்ந்தே நின்றவர்கள் இருவரும். ஓலையானாலும் தாளானாலும் கொம்பு முன்னால், ந பின்னால். தான் முன்னே போய் வழி பார்க்காவிட்டால் தங்கைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று கொம்புக்கு ஓர் எண்ணம்.

வாசலில் பூரணம் என்ற காவல்காரி ஆளுக்கொரு எண் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“உள்ளே கும்மிருட்டு. முகம் தெரியாது, எண்தான் தெரியும். வாய் சொல்ற வரிசையில போகணும். முதல்ல ந, அவளை ஒட்டினாப்பல நீ. உனக்கு முன்னால போறவளோடதான் நீ ஒட்டுவே. அந்தப் பக்கம் திரைக்குப் போனதும் பழையபடி நீ முன்னால நின்னுக்கோ.”

“இருட்டுல அவளை முன்னால விடறதா?” கொம்புக்கு மனசு கேட்கவில்லை. பூரணம் அசந்த நேரம் பார்த்து, ந-வைத் தள்ளிக்கொண்டு தானே முதலில் நுழைந்துவிட்டாள்.

திரையின் வெளிச்சத்துக்கு வந்தபோது அவள் பக்கத்தில் யாருமில்லை. பின்னால் வந்த ந இரண்டு விரற்கடை தள்ளி நின்றாள். கொம்பு கையை நீட்டினாள். எட்டவில்லை.

அப்போது அழிப்பான் வந்தான். துணையில்லாமல் நிற்கும் குறிகளைத் துடைப்பது அவன் வேலை. துடைத்தால் துடைத்ததுதான், திரும்ப வர முடியாது. அவனுக்குக் காதும் கேட்காது.

“எனக்கு ஆள் இருக்குப்பா! இதோ நிக்கறா பாரு!” என்று கொம்பு கத்தினாள். அவன் கண்ணுக்குத் தெரிந்ததோ தனியாக நின்ற ஒரு வளைசல் கோடு மட்டும். துணியை உதறினான்.

ந ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “வாக்கா, வாசலுக்கு!”

துணி கொம்பின் சுழியை உரசியது. ஒரு நூல் இடைவெளியில் தப்பி இருவரும் வாசலில் வந்து விழுந்தார்கள்.

“சொன்னேனா இல்லையா?” என்றாள் பூரணம்.

கொம்பு தங்கையின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள்.

“இந்தத் தடவை நான் முன்னால போறேன்” என்றாள் ந. “என்னை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. எனக்கு இருட்டுன்னா பயமில்லை, உனக்குத்தான் பயம்.”

கொம்புக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தங்கையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். திரைக்கு வந்ததும் ந ஒதுங்கி இடம் விட்டாள். கொம்பு முன்னால் நின்றாள். இருவரும் ‘நெ’ ஆனார்கள்.

ஆனாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இன்னொரு நாள் யாராவது அவசரத்தில் தன்னை மட்டும் தனியாக உள்ளே அனுப்பிவிட்டால்? கத்திப் பயனில்லை, அழிப்பான் செவிடன்.

தலையில் புள்ளி வைத்திருந்த மெய்யெழுத்துகள் பதினெட்டிடமும் போய் நின்றாள். “உங்க புள்ளியில ஆளுக்கு ஒரு துளி கிள்ளிக் குடுங்க.”

“இன்னைக்குப் புள்ளி கேக்கறே, நாளைக்குத் தலையைக் கேப்பியா?” என்றாள் க். ஆனாலும் முதலில் கிள்ளிக் கொடுத்தவள் அவள்தான்.

அன்று முதல்தான், கணினியில் ஒற்றைக்கொம்பு தனியாக வந்து நிற்கும்போதெல்லாம், அந்தப் புள்ளிகளை வட்டமாக அடுக்கித் தன் பக்கத்தில் ஓர் இடம் போட்டுவைக்கிறாள், ஆள் வரும் என்று கண்ணால் பார்ப்பவனுக்குத் தெரியட்டும் என்று.